நோயில் இருப்பவருக்குக் கிறிஸ்டல் கல் கொடுக்கலாமா? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

என் பெரியம்மாவுக்கு மார்புப் புற்றுநோய். மட்டக்களப்புப் போதனா வைத்தியசாலையின் புற்றுநோய்ப் பிரிவுக்கும் மஹரகம அபேக்ஷா வைத்தியசாலைக்கும் அவவோடு மாறிமாறிப் போய்வந்தவள் நான். முதல் கீமோவுக்கு முந்தின நாள் அவவின் கையில் ஒரு ரோஸ் குவாட்ஸ் கல்லைக் கொடுத்தேன். கடைசி வரைக்கும் அதை விடவில்லை. இதைப் பார்த்த வார்டுக்காரரும் கல்லடியில் எங்கள் அக்கம்பக்கத்தவரும் "எங்கட மாமிக்கும் ஒண்டு குடுக்கலாமா?" என்று கேட்கத் தொடங்கினார்கள். பிறகு கல்முனையிலிருந்தும் அக்கரைப்பற்றிலிருந்தும் தெரிந்தவர்களின் தெரிந்தவர்கள் போன் எடுத்தார்கள். ஒரே கேள்விகள்தான் திரும்பத் திரும்ப வருகின்றன. அவற்றுக்கான பதில்களை இங்கே எழுதி வைக்கிறேன். நான் வைத்தியர் அல்ல, பக்கத்தில் இருந்து பார்த்தவள். மருந்து பற்றி ஏதாவது சந்தேகம் இருந்தால் உங்கள் டொக்டரிடம்தான் கேட்க வேண்டும்.

இந்தக் கல் நோயைச் சுகப்படுத்துமா?

சுகப்படுத்தாது. மற்றப் பதில்கள் எல்லாம் இதற்குப் பிறகுதான், அதனால் முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

ரோஸ் குவாட்ஸ், செவ்வந்திக்கல் என்கிற அமதிஸ்ட், ஸ்படிகம் மூன்றுமே அடிப்படையில் ஒரே பொருள். சிலிக்கனும் ஒட்சிசனும் சேர்ந்த குவாட்ஸ். கல்லடிக் கடற்கரையில் மணலை அள்ளிப் பார்த்தால் மினுங்குகிற பொடிகளில் பெரும்பங்கும் அதுதான். செவ்வந்திக்கல்லின் ஊதா நிறம், அதில் கொஞ்சம் இரும்பு கலந்திருப்பதாலும் நிலத்துக்கடியில் நெடுங்காலம் இயற்கைக் கதிர்வீச்சுப் பட்டதாலும் வருவது. நிறத்தைப் பார்த்து "இது இதயத்துக்கு, இது மூளைக்கு" என்று பிரித்துச் சொல்வதற்கு மருத்துவ ஆதாரம் ஒன்றும் கிடையாது.

இதைச் சோதித்தும் பார்த்திருக்கிறார்கள். இலண்டனில் கிறிஸ்டோபர் பிரெஞ்ச் என்ற உளவியல் பேராசிரியர் 80 பேரை வைத்து ஒரு பரிசோதனை செய்து, 2001இல் முடிவைச் சொன்னார். சிலருடைய கையில் உண்மையான கல்லும் சிலருடைய கையில் போலிக் கல்லும் இருந்தன. கை சூடாகிறது, உடம்பு லேசாகிறது, மனம் அமைதியாகிறது என்று இரண்டு பக்கத்தாரும் ஒரே மாதிரித்தான் சொன்னார்கள். எதை எல்லாம் உணரலாம் என்று முன்கூட்டியே சொல்லப்பட்டவர்களுக்கு அந்த உணர்வுகள் இன்னும் கூடுதலாக வந்தன. ஆக, ஆறுதல் மெய்யாகவே வருகிறது. அது எங்கிருந்து வருகிறது என்பதில்தான் நமக்குக் குழப்பம்.

அப்படியென்றால் எதற்காகக் கொடுக்க வேண்டும்?

பார்வையாளர் நேரம் முடிந்து மணி அடித்ததும் வார்டு எப்படி ஆகிவிடும் என்று பார்த்திருக்கிறீர்களா? அதுவரை ஒவ்வொரு கட்டிலையும் சுற்றி நாலு பேர் நிற்பார்கள். பிளாஸ்க், சோற்றுப் பார்சல், பிள்ளைகளின் சத்தம். பத்து நிமிடத்தில் எல்லாம் வடிந்துவிடும். பிறகு மேலே மின்விசிறி சுற்றுகிற சத்தம் மட்டும்தான். அந்த நேரத்தில் பெரியம்மாவின் கை சும்மா இராது. போர்வையின் ஓரத்தைப் பிடித்துச் சுருட்டும், விடும், மறுபடி சுருட்டும். மறு கையில் ஊசிக் குழாயை வெள்ளை பிளாஸ்டரால் ஒட்டியிருப்பார்கள், அதை அசைக்க முடியாது. அசைகிற கைக்குப் பிடிக்க ஏதாவது வேண்டும் என்று எனக்கு அப்போதுதான் தோன்றியது.

கல்லைக் கொடுத்ததும் அவ சொன்ன முதல் வார்த்தை, "என்ன புள்ள இது, ஐஸ் மாதிரிக் குளிருது." குவாட்ஸ் கையின் சூட்டைக் கண்ணாடியை விட வேகமாக இழுத்துக்கொள்ளும், அதனால்தான் தொட்டவுடன் அந்தக் குளிர்ச்சி. மூடிப் பிடித்தால் மெல்ல மெல்லக் கையின் சூட்டுக்கு வந்துவிடும். பெரியம்மாவுக்கு அது ஒரு பழக்கமாகவே ஆனது. ஊசி போடும்போது குளிரான கல்லைப் பிடிப்பா, அது சூடாகி முடிவதற்குள் ஊசி வேலை முடிந்திருக்கும். தூங்கும்போது முந்தானை நுனியில் முடிந்து வைத்துக்கொள்வா. மாமாங்கேஸ்வரருக்கு நேர்ந்து வைத்த காசும் அதே முடிச்சுக்குள்தான் கிடந்தது.

ஒரு நாள் இரவு முடிச்சு அவிழ்ந்து கல் கட்டிலுக்கு அடியில் உருண்டு போய்விட்டது. விடியும்வரை பெரியம்மா தூங்கவே இல்லையாம். காலையில் கூட்ட வந்த பெண் விளக்குமாற்றால் துழாவி எடுத்து, தன் சட்டையில் துடைத்துக் கொடுத்தாவாம். "நகை எண்டு நினைச்சன், கல்லுக்கா இவ்வளவு தேடினீங்க?" என்று அவ கேட்டதையும், "என்ட மகள் தந்தது" என்று தான் சொன்ன பதிலையும் பெரியம்மாவே எனக்குச் சொன்னா. தங்கச்சி பிள்ளையான என்னை அவ ஒருநாளும் வேறாகச் சொன்னதில்லை.

"என்ட மகள் தந்தது." நான் கொடுத்த கல்லுக்குள் இருந்தது அவ்வளவுதான், அது எனக்குப் போதும். நாம் போன பிறகும் நம்முடைய ஏதோ ஒன்று அவருடைய உள்ளங்கையில் இருக்கிறது.

கொடுக்கும்போது என்ன சொல்வது?

பலர் தவறுவது இந்த இடத்தில்தான். "இதைப் பிடிச்சுக்கொண்டு இருங்க, எல்லாம் சுகமாகும்" என்று நல்ல மனதோடு சொல்லிவிடுகிறோம். அடுத்த ஸ்கேன் முடிவு நல்லதாக வராவிட்டால் அந்த வார்த்தை எங்கே போய் நிற்கும் என்று யோசிப்பதில்லை.

எங்கள் வீட்டில் நடந்ததைச் சொல்கிறேன். மூன்றாவது கீமோவுக்குப் பிறகு கட்டி எதிர்பார்த்த அளவுக்குச் சுருங்கவில்லை. பார்க்க வந்த ஓர் உறவுக்காரர், "முழு நம்பிக்கையோட வெச்சிருந்தாத்தான் கல்லு வேலை செய்யும்" என்று சொல்லிவிட்டுப் போனார். அவர் போன பிறகு பெரியம்மா என்னைப் பார்த்து, "நான் சரியா நம்பாததாலதானா புள்ள எனக்குச் சுகமாகல்ல?" என்று கேட்டா. அந்தக் கேள்வியை நினைத்தால் இன்றைக்கும் என் வயிறு பிசைகிறது. உடம்பில் நோய், கையில் ஊசி, தலையில் முடி இல்லை. இத்தனைக்கும் மேலே "பிழை என்னுடையது" என்ற சுமையையும் ஒருவர் ஏற்றிவிட்டுப் போய்விட்டார். அன்றைக்குத்தான் நான் கல்லைப் பற்றி உண்மையைப் பச்சையாகச் சொன்னேன். "பெரியம்மா, இது வெறும் கல். நான் இல்லாத நேரம் என்ட கையப் பிடிக்கிற மாதிரிப் பிடிச்சுக்கொள்ளத்தான் தந்தன். சுகமாக்கிறது இதுட வேலையில்ல, உங்கட வேலையுமில்ல." அவ கல்லைத் திருப்பித் தருவா என்றுதான் நினைத்தேன். தரவில்லை, இன்னும் இறுக்கிப் பிடித்துக்கொண்டா.

அதனால் கொடுக்கும்போதே இப்படி ஏதாவது சொல்லுங்கள்: "உங்களை நினைச்சு எடுத்தன். கையில வெச்சிருக்க நல்லா இருக்கும். விருப்பமில்லாட்டி மேசையில வெச்சிடுங்க." கடைக்காரர் தரும் "இந்தக் கல்லின் பலன்கள்" என்ற துண்டுக் காகிதத்தைக் கட்டாயம் எடுத்துவிடுங்கள். அதற்குப் பதிலாக உங்கள் கையெழுத்தில் இரண்டு வரி எழுதி வைக்கலாம்.

நம் வழக்கத்துக்கு இது பொருந்துமா? கோயில், பள்ளிவாசல் நம்பிக்கைக்கு முரண்படுமா?

கையில் ஒரு பொருளைக் கொடுத்து ஆறுதல் சொல்வது எங்கள் பக்கத்துக்குப் புதிதே அல்ல. மந்திரித்த நூல், அச்சரக் கூடு, மடித்த தாளில் திருநீறு, செபமாலை, ஓதிய தண்ணீர் எல்லாம் வார்டுக் கட்டில்களில் இருக்கும். வைகாசியில் ஊர் முழுக்கக் கண்ணகி அம்மனுக்குக் குளிர்த்தி பாடுவதே நோயின் வெக்கை தணியட்டும் என்றுதானே. சைவர்களுக்கு ஸ்படிக மாலையும் ஸ்படிக லிங்கமும் பழக்கமானவை. அதனால் பெரியம்மாவைப் போன்றவருக்கு ஸ்படிகம் என்று சொன்னாலே மனதுக்கு நெருக்கமாகிவிடும். அதேவேளை, கோயிலில் வைத்துப் பூசை செய்து தந்தது என்று பொய் சொல்ல வேண்டாம்.

காத்தான்குடியிலோ கல்முனையிலோ ஒரு முஸ்லிம் நண்பருக்குக் கொடுப்பதென்றால் ஒன்றுக்கு இரண்டு தடவை யோசியுங்கள். கல்லுக்குச் சக்தி இருக்கிறது என்று நம்புவது இறைவனுக்கு இணை வைப்பது என்று பல வீடுகளில் கருதுவார்கள். வடிவான ஒரு கல் என்று கொடுத்தால் சிலர் வாங்கிக்கொள்வார்கள், சிலருக்கு அதுவும் சங்கடம். வீட்டாரிடம் முதலில் கேட்பதில் ஒன்றும் குறைந்துவிடாது. தஸ்பீஹ் மணி கொடுத்தால் அதே வேலையை அது செய்யும், விரலுக்கு உருட்ட ஏதோ ஒன்று கிடைக்கும். கிறிஸ்தவர்களிலும் சில சபையினருக்கு "ஹீலிங் கிறிஸ்டல்" என்ற பேச்சே பிடிக்காது. ஆயித்தியமலை மாதாவிடம் போய்வந்து ஒரு செபமாலை கொடுத்தால் அவர்களில் கத்தோலிக்கருக்கு அதை விட ஆறுதல் வேறில்லை.

எந்தக் கல் நல்லது?

வழுவழுப்பாக உருட்டி எடுத்த, நெல்லிக்காய் அளவுக் குவாட்ஸ். நிறம் அவருக்குப் பிடித்ததாக இருக்கட்டும். குவாட்ஸின் கடினம், கற்களின் கடினத்தை 1 முதல் 10 வரை சொல்லும் மோஸ் அளவையில் 7, சாதாரணமாகக் கீறாது, சவர்க்காரம் போட்டுக் கழுவலாம்.

கூரான முனையுள்ள கல் வேண்டாம். கீமோ எடுப்பவர்களுக்கு இரத்தத்தில் பிளேட்லட், அதாவது இரத்தம் உறைய உதவும் அணுக்கள், குறையும்போது சின்னக் கீறலிலிருந்தும் இரத்தம் நிற்காமல் வரலாம், அந்தக் கீறல் வழியாகக் கிருமியும் ஏறலாம். செலனைட் தண்ணீர் பட்டால் கெடும், நகத்தாலேயே கீறிவிடலாம். பச்சை நிற மலகைட்டில் செம்பு இருக்கிறது, சின்னபார் என்கிற சிவப்புக் கல்லில் பாதரசம் இருக்கிறது. இவை நோயாளியின் கட்டிலுக்கு வரவே கூடாது.

நம் நாட்டிலேயே ரோஸ் குவாட்ஸ் உண்டு. அநுராதபுர மாவட்டத்தில் மடாட்டுகமைக்கு அருகே நாமல் உயனவில் ஒரு குன்றுத் தொடரே இளஞ்சிவப்பாக இருக்கும். அது பாதுகாக்கப்பட்ட இடம், அங்கிருந்து ஒரு துண்டும் எடுக்கக் கூடாது. சுற்றுலா போனபோது பொறுக்கிக்கொண்டு வந்ததைப் பரிசாகக் கொடுக்காதீர்கள். காலி மாவட்டத்து மீட்டியாகொடவின் சந்திரகாந்தக் கல்லும் கையில் பிடிக்க அருமையாக இருக்கும். குவாட்ஸை விடச் சற்று மென்மையானது, கீழே விழாமல் பார்த்துக்கொள்ள வேண்டும்.

கடைக் கல் வாங்க வசதி இல்லையென்றால் குறையொன்றும் இல்லை. பாசிக்குடாவிலோ திருக்கோவில் கரையிலோ நீங்கள் இருவரும் ஒன்றாக நடந்த நாளில் எடுத்த ஒரு சிப்பி வீட்டில் கிடக்குமானால், நான் அதைத்தான் கொண்டுபோவேன்.

போலியா என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

உள்ளே சின்னச் சின்னக் காற்றுக் குமிழ்கள் உருண்டையாகத் தெரிந்தால் அது கண்ணாடி. கன்னத்தில் வைத்துப் பாருங்கள், குவாட்ஸ் கண்ணாடியை விடக் குளிராக இருக்கும். போலியாக இருந்தாலும் ஆறுதலில் குறைவில்லை. நீங்கள் கொடுத்த காசுதான் வீணாகும்.

வார்டுக்குள் கொண்டுபோகலாமா?

பெரும்பாலும் ஒன்றும் சொல்ல மாட்டார்கள், ஆனாலும் மிஸ்ஸியிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள். சத்திரசிகிச்சைக்கும் கதிர்ச் சிகிச்சைக்கும் போகும்போது கல்லையும் நகைகளையும் கழற்றி வெளியே வைக்கச் சொல்வார்கள். எம்ஆர்ஐ ஸ்கேனில் உலோகம் உள்ளே போகவே கூடாது. கல்லுக்குக் காந்தம் பிடிக்காவிட்டாலும் அதைக் கோத்த கம்பியிலும் கொக்கியிலும் உலோகம் இருக்கலாம்.

கைச்சங்கிலியாகவோ மோதிரமாகவோ கொடுக்க நினைப்பவர்களுக்கு ஒரு முக்கியமான விஷயம். டயலிசிஸுக்காகக் கையில் பிஸ்டுலா (ஊசி ஏற்ற வசதியாக இரத்த நாளங்களை இணைத்த இடம்) வைத்திருப்பவர் அந்தக் கையில் இறுக்கமாக எதையும் கட்டக் கூடாது, இரத்த ஓட்டம் தடைப்பட்டால் அது அடைபட்டுப் போகும். மார்புப் புற்றுநோய்ச் சத்திரசிகிச்சையில் அக்குளின் நிணநீர்க் கணுக்களை எடுத்தவர்களுக்கும் அந்தப் பக்கத்துக் கை வீங்கலாம். பெரியம்மாவின் கை வீங்கியபோது சோப்பு நுரை போட்டுத்தான் கல்யாண மோதிரத்தையே கழற்றினோம். அதனால் கோக்காத தனிக் கல்தான் என் தெரிவு.

பௌர்ணமி நிலவில் வைத்துச் சக்தி ஏற்ற வேண்டுமா? உப்புத் தண்ணீரில் போட வேண்டுமா?

தேவையில்லை. ஆனால் பௌர்ணமி இரவில் கல்லடிப் பாலத்துக்குப் போய், எங்கள் ஊரில் சொல்கிற மாதிரி வாவியில் மீன் பாடுகிறதா என்று காது கொடுத்துக் கேட்டுவிட்டு, அந்தக் கதையை வார்டில் வந்து சொல்லுங்கள். நான் சொன்னபோது பெரியம்மா தான் குமரியாக இருந்த காலத்தில் வாவியில் தோணியில் போன கதையை ஒரு மணி நேரம் கதைத்தா.

சுத்தம் மட்டும் முக்கியம். கொடுக்கும் முன்பும், கீழே விழுந்த ஒவ்வொரு முறையும் சவர்க்காரமும் தண்ணீரும் போட்டுக் கழுவித் துடையுங்கள். கீமோ காலத்தில் நோய் எதிர்ப்புச் சக்தி மிகவும் குறைந்திருக்கும். நம் ஊர் மத்தியான வெயிலில் நாள்கணக்கில் காய வைக்காதீர்கள், செவ்வந்திக்கல்லின் நிறம் மங்கிவிடும்.

கல் போட்டு ஊறவைத்த தண்ணீரைக் குடிக்கக் கொடுக்கலாமா?

கூடாது. சில கற்களிலிருந்து நச்சு உலோகம் தண்ணீரில் இறங்கும், எந்தக் கல்லிலும் கிருமி இருக்கலாம். கொதித்தாறிய தண்ணீர் போதும்.

கல் வைத்த பிறகு வலி குறைந்திருக்கிறது. கிளினிக்கை ஒரு தடவை விடலாமா?

தயவுசெய்து விடாதீர்கள். இந்தப் பக்கத்தை நான் எழுதியதற்கு இந்தக் கேள்வியும் ஒரு காரணம். கட்டி பெரிதாகும்போது எப்போதும் வலிப்பதில்லை, அதனால் வலி குறைந்ததை வைத்து நோய் குறைந்தது என்று சொல்ல முடியாது. கிளினிக் நாள் தவறினால் கீமோவின் கணக்கே குழம்பிவிடும். மஹரகமவுக்கு இரவு பஸ்ஸில் போய்வருவது எவ்வளவு களைப்பு, எவ்வளவு செலவு என்று எனக்குத் தெரியும். களைப்பில் "இந்த முறை விடுவம்" என்று தோன்றும்போது கல், மந்திரம், எண்ணெய் எதுவாக இருந்தாலும் ஒரு சாட்டாகிவிடும். போக முடியாத நிலை என்றால் வார்டுக்கு அறிவித்து வேறு நாள் கேளுங்கள்.

அப்புறம் இன்னொன்றையும் வீட்டுச் சுவரில் எழுதி ஒட்டுங்கள். கீமோ எடுப்பவருக்கு 38 பாகை செல்சியசுக்கு மேல் காய்ச்சல் வந்தால் விடியும்வரை காத்திருக்கக் கூடாது, பனடோல் கொடுத்துப் பார்த்துக்கொண்டு இருக்கவும் கூடாது. உடனே வைத்தியசாலைக்குப் போக வேண்டும். 1990ஐ அழைத்தால் சுவசெரிய அம்புலன்ஸ் இலவசமாக வரும்.

யாராவது "ஏழு கல் சேர்த்து வைத்தால் நோயை மாற்றிவிடலாம், இவ்வளவு ஆயிரம்" என்று சொன்னால், அந்தக் காசைப் பயணச் செலவுக்கு வையுங்கள்.

சின்னப் பிள்ளைக்குக் கொடுக்கலாமா?

மூன்று வயதுக்குக் கீழ் வேண்டாம், வாயில் போட்டு விழுங்கினால் மூச்சு அடைத்துவிடும். பெரிய பிள்ளை என்றால் கல்லை அதுவே தெரிவு செய்யட்டும், பெயரும் வைக்கட்டும்.

அவருக்கு இதெல்லாம் பிடிக்காது என்று நினைக்கிறேன். வேறு என்ன கொடுக்கலாம்?

பிடிக்காது என்று தெரிந்தால் கொடுக்க வேண்டாம். நம் மனத் திருப்திக்காக ஒரு பொருளை அவருடைய கையில் திணிப்பது சரியில்லை.

செவ்விளநீர் கொண்டுபோவது நம் ஊர் வழக்கம். சிறுநீரக நோயாளிக்கு மட்டும் டொக்டரைக் கேட்காமல் கொடுக்காதீர்கள், அதிலுள்ள பொட்டாசியம் அவர்களுக்கு ஆபத்து. கீமோ எடுப்பவருக்கு மெல்லிய பருத்தித் தொப்பி பெரிய உதவி. கூட நிற்பவரை எல்லோரும் மறந்துவிடுகிறோம். அவருக்கு ஒரு சோற்றுப் பார்சல் கொண்டுபோய், "நீங்க போய்க் குளிச்சு ரெண்டு மணித்தியாலம் படுங்க, நான் இருக்கிறன்" என்று சொல்லிப் பாருங்கள். எனக்கு ஒருவர் அப்படிச் சொன்னார், இன்னும் மறக்கவில்லை.

அவர் இறந்துவிட்டால் கல்லை என்ன செய்வது?

இதைக் கேட்பவர்கள் தயங்கித் தயங்கித்தான் கேட்பார்கள். கேட்கத் தகாத கேள்வி அல்ல.

புதைப்பதென்றால் கூடவே வைக்கலாம். எரிப்பதென்றால் வேண்டாம். குவாட்ஸ் 573 பாகை சூட்டில் உள்ளமைப்பு மாறி வெடித்துச் சிதறக்கூடும். கடலிலோ வாவியிலோ விடுவதும் உண்டு. துடக்கு என்று நினைக்கிற வீடுகளில் முப்பத்தோராம் நாள் முடியும்வரை தனியாக ஒரு துணியில் சுற்றி வைத்துவிட்டு, பிறகு முடிவு செய்யலாம். அவசரமே இல்லை. இன்னொரு நோயாளிக்குக் கொடுக்க நினைத்தால், அது யாருடைய கையில் இருந்த கல் என்பதைச் சொல்லியே கொடுங்கள், சிலருக்கு அது பயமாக இருக்கும்.

பெரியம்மாவின் கல்லை நான் கேட்கவில்லை. அவவின் மூத்த மகள் எடுத்துக்கொண்டா. அக்காவின் தையல் மெஷின் லாச்சிக்குள், நூல் கட்டைகளுக்கு நடுவே கிடக்கிறது. போன முறை போனபோது எடுத்துப் பிடித்துப் பார்த்தேன். அதே குளிர்தான்.